‘சேர்’ போதும், வாசலில் நிற்பவருக்குக் காசு வேண்டாம்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “பஸ் ஏறும்போது கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அடையாள அட்டையும் போய்விட்டது. சிங்களம் பேசும் ஊரொன்றின் பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனேன். இளம் கொன்ஸ்டபிளைத் ‘தம்பி’ என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. வாசலில் நின்ற ஒருவர், ‘இவங்கள முறையாக் கூப்பிடத் தெரிய வேணும், நான் கதைச்சு எழுதுவிச்சுத் தாறன், 3,000 தாங்க’ என்கிறார். எப்படிக் கூப்பிட்டால் வேலை நடக்கும்?”

காசைக் கொடுக்காதீர்கள். முறைப்பாடு எழுதுவதற்குக் கட்டணம் கிடையாது. அந்த ஆள் உங்களுக்கு விற்கப் பார்ப்பது ஒரேயொரு சொல்லை. அதை இங்கே சும்மாவே சொல்லிவிடுகிறேன்: ‘சேர்’, அதாவது ஆங்கில ‘Sir’.

கொன்ஸ்டபிள், சார்ஜன்ட், ஓ.ஐ.சி. (நிலையப் பொறுப்பதிகாரி) எல்லோருக்கும் அதுதான். பெண் உத்தியோகத்தர் என்றால் ‘மேடம்’. ‘மிஸ்’ என்றாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். தோளில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. சிங்களத்தில் கொன்ஸ்டபிளையும் சார்ஜன்டையும் ‘ராலஹாமி’ என்பார்கள், அதில் மரியாதையும் உண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பழகிவிட்டு ஓர் இன்ஸ்பெக்டரை அப்படி அழைத்தால் அவரைக் கீழே இறக்கியது மாதிரி ஆகிவிடும். சிங்களம் அரைகுறை என்றால் ‘ஓயா’வையும் தவிருங்கள். அது வீட்டுக்கும் சிநேகிதருக்கும் உரிய ‘நீ’. அந்த இடத்திலும் ‘சேர்’ என்றே போடலாம்.

‘தம்பி’, ‘மகன்’ என்று நம்மூர் அம்மாமார் கூப்பிடுவதில் பாசம்தான் இருக்கிறது. தமிழ் பேசும் உத்தியோகத்தருக்கு அது விளங்கும், சிலவேளை வேலையும் சுளுவாகும். ஆனால் தமிழே தெரியாதவருக்கு ‘தம்பி’ என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்திருக்கும், அது அவர் காதில் சின்னப் பையனைக் கூப்பிடுவது போலத்தான் விழும். உங்கள் விஷயத்தில் நடந்தது அவ்வளவுதான்.

விளியை விட முதல் வசனம் முக்கியம். “சேர், கைப்பை களவு போயிட்டு, முறைப்பாடு எழுத வந்திருக்கிறன்” என்று தொடங்குங்கள். பஸ், நேரம், இடம், பையில் இருந்தவை என்று வரிசையாகச் சொல்லுங்கள். அழுதுகொண்டு காலையிலிருந்து நடந்ததெல்லாம் சொன்னால், மேசையில் இருப்பவர் பேனையைக் கீழே வைத்துவிடுவார். கைகட்டிக் குனிந்து நிற்பது, “கும்பிட்டுக் கேக்கிறன்” என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். அவரிடம் நீங்கள் கேட்பது அவருடைய கடமையை.

மொழிதான் உண்மையான முடிச்சு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு சொல்வது இது: வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை, சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். எழுதுகிறவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களுக்கு எழுத முடியாது என்றால் மட்டும்தான், காரணத்தைப் பதிந்துவிட்டு, வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டிய பிறகுதான் கையொப்பம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம், பலர் சிங்களத்தில் எழுதிய தாளுக்கு என்னவென்று தெரியாமலே கையொப்பம் வைத்துவிட்டு, ‘பறித்தார்கள்’ என்பது ‘தொலைந்தது’ ஆகிவிட்டது என்று பிறகு வந்து நிற்பதுதான். அப்படி எழுதினால் களவு விசாரணை அங்கேயே முடிந்தது. ஆகவே வீட்டிலிருந்தே தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள், ஒரு பிரதி கையில் வைத்திருங்கள். அங்கே “சேர், தெமலென் லியன்ன புலுவன்த?” (தமிழில் எழுத முடியுமா?) என்று கேளுங்கள். முடியாது என்றால் எழுதியதை நீட்டுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பில் அச்சடித்து வைத்துவிட்டு, தமிழில் எழுதத் தெரிந்த ஒருவரை மேசையில் இருத்த இவ்வளவு காலமும் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் வாசல் தரகர் கடை போட்டிருக்கிறார்.

வெளியே வரும்முன் முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புது அடையாள அட்டைக்கு அந்த முறைப்பாட்டின் பிரதி வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் ஜி.எஸ். (கிராம உத்தியோகத்தர்)தான் உறுதிப்படுத்துவார். அவரை ‘சேர்’ என்றாலும் ‘விதானையார்’ என்றாலும் ஊர் வழக்கம் போல. கச்சேரிக்கோ (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கோ கடிதம் என்றால் ஆளின் பெயர் வேண்டாம், பதவியைப் போட்டு ‘ஐயா / அம்மணி’ என்று தொடங்குங்கள். பெட்டிசன் எழுதுகிறவர்கள் ‘மேன்மைதங்கிய’ என்று அரைப் பக்கம் நிரப்பி அதற்கும் காசு கேட்பார்கள். அந்த அரைப் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை.

மரியாதை என்று நினைத்து ஒரு வசனத்தை மட்டும் எங்கும் சொல்லிவிடாதீர்கள்: “பாத்துச் செய்ங்க சேர்.” மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீதியில் போக்குவரத்துப் பொலிஸ் மறித்ததும் பலர் வாயில் வருவது இதுதான். நீங்கள் பணிவாகச் சொல்வீர்கள், கேட்பவருக்கு அது விலை பேசுவதாகவே கேட்கும். லஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். “என்ன பிழை சேர்?” என்று கேளுங்கள், தண்டப் பத்திரம் தந்தால் வாங்கி 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டிவிடுங்கள். யாராவது கை நீட்டினால் லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. திட்டினால், அடித்தால், முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. அந்த ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு, அங்கே தமிழிலேயே கதைக்கலாம்.