மகள் பயிர் நோயியல் படிக்கட்டுமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் ஐயா.

"வாழைத்தோப்பில் நாங்கள் பட்ட பாடு போதும் என்றுதான் பிள்ளையைப் படிக்க வைத்தோம். அவளோ செடிக்கு வரும் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள். வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. விஞ்ஞானி என்ற வேலை கைக்கு வரும்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது ஆகியிருக்கலாம். அதுவரை வீடு பொறுத்துக்கொள்ளுமா?

வேலை ஏன் இருக்கும் என்பது உங்கள் தோப்பிலேயே தெரியும். ரஸ்தாளி போட ஏன் பயப்படுகிறீர்கள்? வாடல் நோய்தானே. அதற்குக் காரணமான ஃப்யூசேரியம் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்காகப் பயிரிட்ட குரோ மிஷல் ரகத்தை அது ஒழித்துக்கட்டியது. அதற்கு மாற்றாக வந்தது கேவண்டிஷ். இப்போது அந்தக் கேவண்டிஷையே சாய்க்கும் டி.ஆர்.4 என்ற ஃப்யூசேரியம் வகை பீகார், உத்தரப் பிரதேசம் வரை வந்துவிட்டது. கரும்பிலும் இதுதான் நடந்தது. உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்திருந்த கோ 0238 ரகத்தை, பூஞ்சையால் வரும் செவ்வழுகல் நோய் தாக்கியது. நாம் ரகத்தை மாற்றினால் பூஞ்சையும் தன்னை மாற்றிக்கொள்கிறது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்திலும் நோயியல் பிரிவை மூடும் நாள் வரப்போவதில்லை.

இப்போது அவசரமாக முடிவு செய்ய வேண்டியது பட்டப்படிப்பு. இங்கே பலர் சறுக்குகிறார்கள். பி.எஸ்சி. வேளாண்மை நான்கு ஆண்டு. அதை முடித்தால் எம்.எஸ்சி. பயிர் நோயியல், பிறகு பி.எச்டி. பி.எஸ்சி. தாவரவியல் படித்தாலும், எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை உயிர் அறிவியலில் எழுதிப் பூஞ்சை ஆய்வுக்குப் போகலாம். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர், வங்கிகளின் வேளாண் கள அலுவலர் போன்ற பதவிகள் வேளாண் பட்டதாரிகளுக்கானவை. நடுவில் குடும்பத்துக்குச் சம்பாத்தியம் தேவைப்பட்டால் அவள் இறங்கிக்கொள்ள ஒரு படி வேண்டும். அந்தப் படி வேளாண்மைப் பட்டத்தில் இருக்கிறது. கட் ஆஃப் எட்டினால் யோசிக்காமல் அதையே எடுக்கச் சொல்லுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வோடு நின்றுவிடாமல், கியூட் என்ற தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு எழுதினால் வெளிமாநில வேளாண் பல்கலைக்கழகங்களிலும் இடம் தேடலாம்.

அவளிடம் நான் பார்க்க விரும்புவது மதிப்பெண்ணை அல்ல, பொறுமையை. வேலை எப்படி என்று சொல்கிறேன், அவளிடமும் படித்துக் காட்டுங்கள். நோய் கண்ட இலையில் கருகிய பகுதியும் பச்சையும் சேரும் விளிம்பில் ஒரு சின்னத் துண்டு வெட்ட வேண்டும். நடுவில் வெட்டினால் செத்த திசுவைத் தின்ன வந்த வேறு பூஞ்சைகள்தான் முளைக்கும். துண்டைக் கிருமிநீக்கி மருந்தில் முக்கி, சுத்தமான தண்ணீரில் அலசி, உருளைக்கிழங்குச் சாறு சேர்த்த அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் வைத்துச் சில நாள் காத்திருக்க வேண்டும். வளர்ந்து வந்ததைப் பிரித்தெடுத்து, நல்ல செடியில் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அந்தச் செடியிலிருந்து அதே பூஞ்சையை மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் "இதுதான் காரணம்" என்று சொல்ல முடியும். இடையில் தட்டில் வேறேதாவது கலந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தால் துணிந்து அனுப்புங்கள்.

பணம்: பி.எச்டி. முழுக்க நீங்கள்தான் செலவு செய்ய வேண்டும் என்று பயந்திருக்கிறீர்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இது 2023-இல் உயர்த்திய தொகை. மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு விஞ்ஞானிகளை ஏ.எஸ்.ஆர்.பி. என்ற தேர்வு வாரியம் தேர்வு நடத்தி எடுக்கிறது. போட்டி கடுமை, இடங்கள் குறைவு, அறிவிப்பும் தவறாமல் வருவதில்லை. இதை மறைக்க மாட்டேன். அந்தக் காத்திருப்பில் விதை நிறுவனம், பயிர் மருந்து நிறுவனம், ஆய்வுத் திட்ட வேலை என்று போய்க்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

பி.எச்டி. சேரும்போது கல்லூரிப் பெயரைவிட வழிகாட்டி யார் என்று பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். சதாசிவன் மண்ணில் வாழும் நோய்ப்பூஞ்சைகளை ஆராய்ந்தவர். அவரிடம் பயின்ற சி.வி. சுப்பிரமணியன் உலகமே மதிக்கும் பூஞ்சையியலாளர் ஆனார். நல்ல வழிகாட்டி வாய்த்தால் மூன்று நான்கு ஆண்டில் நல்ல கட்டுரைகளோடு வெளியே வரலாம். அவரிடம் ஏற்கெனவே படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்த பிறகே சேர வேண்டும்.

கல்யாணப் பேச்சையும் கேட்டிருந்தீர்கள். அதை அவளிடமே பேசுங்கள் ஐயா. பி.எச்டி. படிக்கும்போதே திருமணம் ஆனவர்கள் உண்டு. ஆனால் ஊர் ஊராக வயலுக்குப் போக வேண்டிய படிப்பு இது என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கலந்தாய்வுக்கு விருப்ப வரிசை கொடுப்பதற்கு முன் மதிப்பெண் பட்டியலோடு இருவரும் ஒருமுறை வாருங்கள், உட்கார்ந்து வரிசைப்படுத்திவிடலாம்.