தாத்தாவின் ஆயுசு பேரனுக்கு வருமா?

கேள்வி: என் அப்பாவின் அப்பா 98 வயது வரை இருந்தார். கடைசி வரை சந்தைக்கு நடந்தே போய் வந்தவர். மைட்டோகாண்ட்ரியாவில் நீண்ட ஆயுளுக்கென்று ஒரு மரபணு இருக்கிறதாமே? நாகர்கோவிலில் எச்சில் வாங்கிப் பார்த்துச் சொல்கிறார்கள். நோட்டீசை இணைத்திருக்கிறேன், எடுத்துப் பார்க்கலாமா?
- பெயர் வேண்டாம் என்றவர், தக்கலை

பதில்: தாத்தாவை நம்பித்தான் போகிறீர்கள் என்றால் போகாதீர்கள். செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியில்தான் வரும். நம்ம நாஞ்சில் நாட்டுப் பழைய மருமக்கள்வழிச் சொத்து மாதிரிதான்: உங்கள் தாய்மாமாவிடம் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒன்று, ஆனால் மாமாவின் பிள்ளைகளுக்கு அது கிடையாது. தாத்தாவுடையது உங்கள் அப்பாவுக்கே போகவில்லை, அப்புறம் உங்களுக்கு எங்கிருந்து வரும்? அம்மாவைப் பெற்ற பாட்டி எத்தனை வயது வரை இருந்தார் என்று நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை, நான் தேடியது அதைத்தான்.

சரி, மரபணுவுக்கு வருவோம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு 37 மரபணுக்கள் கொண்ட தனி டிஎன்ஏ உண்டு. 1998இல் ஜப்பானில் நூறு வயதைத் தொட்டவர்களைச் சோதித்தபோது, அந்த டிஎன்ஏவின் 5178ஆவது இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது 62 சதவீதம் பேரிடம் தெரிந்தது. ரத்ததானம் செய்ய வந்த சாதாரண ஆட்களில் 45 சதவீதம். உங்கள் நோட்டீசில் 62 மட்டும் தங்க நிறத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, 45ஐக் காணோம்! அந்த மாற்றம் இல்லாமலேயே நூறைத் தொட்டவர்கள் 38 சதவீதம் என்பதையும் கணக்குத் தெரிந்தவர்கள் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். போதாததற்கு, அது கிழக்காசியாவில் பரவலாக உள்ள ஒரு தாய்வழிக் கிளைக்கு உரிய மாற்றம், தென்னிந்தியாவில் அபூர்வம்.

2015இல் ஜப்பானியரிடம் 1382ஆவது இடத்தில் உள்ள இன்னொரு மாற்றத்தை நீண்ட ஆயுளோடு சேர்த்துப் பேசினார்கள். 2021இல் வந்த ஆய்வைப் பார்த்தால், அதே மாற்றம் உள்ள, உடம்பை அசைக்காத ஆண்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல். இதில் எதை நம்பி எச்சில் துப்புவீர்கள்?

தாத்தாவிடமிருந்து உங்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொல்லவில்லை. செல்லின் உட்கருவில் இருக்கும் மரபணுக்களில் ஏறக்குறைய கால் பங்கு அவருடையது, ஆனால் அதற்கும் இந்தப் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்து 1996இல் போட்ட கணக்கில், ஆளுக்கு ஆள் ஆயுள் வேறுபடுவதில் பரம்பரையின் பங்கே மொத்தம் கால்வாசிதான். அவர் சந்தைக்கு நடந்தார், நீங்கள் எதில் போகிறீர்கள்?

சர்க்கரையும் பிரஷரும் பார்க்க அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பைசா வாங்குவதில்லை. அதை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள், மைட்டோகாண்ட்ரியாவை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.