அது சிரிக்கவில்லை, ஐயா

கேள்வி: கொடைக்கானல் போகும் வழியில் வெள்ளி அருவியில் வண்டியை நிறுத்தினோம். ஒரு குரங்கு என் மகனைப் பார்த்துச் சிரித்தது. இவனும் குனிந்து சிரித்தான். அடுத்த நொடி இன்னொரு குரங்கு பாய்ந்து கையிலிருந்த சோளத்தைப் பிடுங்கி, சட்டையையும் கிழித்துவிட்டது. மிருகங்களுக்கு நம் மனசு புரியுமா, புரியாதா? (வாசகர், தேனி)

பதில்: அதைப் பிறகு பார்ப்போம். 'சிரித்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, வம்பே அங்கேதான்.

நாட்டுக்குரங்கு உதட்டைப் பின்னுக்கு இழுத்து, சத்தமில்லாமல் இரண்டு வரிசைப் பல்லையும் காட்டினால், 'அடங்கிப் போகிறேன், அடிக்காதீங்க' என்று பொருள். கூட்டத்தில் சின்னது பெரியதிடம் காட்டும் முகம் அது. கோபம் வேறு மாதிரி: வாய் வட்டமாகத் திறக்கும், புருவம் மேலேறும், காது மண்டையோடு ஒட்டும், கண் உங்களைவிட்டு நகராது. சிநேகம் என்றால் உதட்டைப் படபடவென்று அடிக்கும். உங்கள் மகன் கண்ணுக்குக் கண் பார்த்தபடி பல்லைக் காட்டியிருக்கிறான். அதாவது, முறைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டிருக்கிறான். கையில் சோளம் வேறு.

மனிதப் புன்னகையே இந்தப் பல்காட்டலின் வழிவந்ததுதான், வாய்விட்ட சிரிப்பு குட்டிகளின் விளையாட்டு முகத்திலிருந்து வந்தது என்று 1972-இல் யான் வான் ஹூஃப் என்ற டச்சு ஆய்வாளர் எழுதினார். நம்பாதவர்கள் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மேலதிகாரி பழைய ஜோக்கை ஐந்தாம் முறை சொல்லும்போது கிளார்க் முகத்தில் தெரிவது எது? மூன்று மாத வாடகை பாக்கியோடு மாடிப்படியில் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டவர் காட்டுவது எது? சீர்வரிசையில் ஒரு குத்துவிளக்கு குறைந்துபோன பெண் வீட்டார், சம்பந்தியைப் பார்த்துக் காட்டுவது எது? உதடு பின்னால் போகும், சத்தம் வராது, கண் மட்டும் வெளியேறும் வழியைத் தேடும். வால் ஒன்றுதான் இல்லை.

பல்லைச் சிரிப்பு என்று படித்தவர்கள் மலை ஏறியதும் செய்கிற அடுத்த தவறு 'போஸ்'. தெருவில் நிற்கும் காட்டெருமை பக்கவாட்டில் திரும்பினால் "போஸ் குடுக்குதுடா" என்று போனைத் தூக்குகிறார்கள். ஒரு டன்னை எட்டக்கூடிய காளை, தலையைத் தாழ்த்தி, முதுகுத் திமில்மேடும் தொங்குதாடியும் தெரிய விலாவைக் காட்டுவது, இன்னொரு காளையிடம் 'என் அளவைப் பார்த்துக்கொள்' என்று சொல்வதற்கு. புஸ்ஸென்று மூச்சுவிட்டுத் தலையை உதறினால் படம் எடுக்கும் நேரம் முடிந்தது.

அப்புறம், காட்டெருமை என்று நான் எழுதியது உங்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக. அது எருமையே இல்லை. வீட்டு மாட்டின் பங்காளி; எருமை வேறு பேரினம். அந்தப் பெயரை விடாத நிருபர்களோடு இந்தப் பக்கத்துக்குத் தீராத வழக்கு உண்டு. காட்டுமாடு என்று எழுதினால் பேனா தேய்ந்துவிடாது. சங்கப் புலவர்கள் 'ஆமா' என்றார்கள். இனி யாராவது "இது காட்டெருமையா?" என்று கேட்டால் "ஆமா" என்று சொல்லுங்கள், அதுவே மறுப்பு. மலையில் எருமை பார்க்க ஆசை என்றால் நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனசு புரியுமோ என்னவோ, கவனம் எங்கே இருக்கிறது என்பது நன்றாகப் புரியும். முதுமலைக்கு அடுத்த பந்திப்பூரில் நாட்டுக்குரங்குகள் கை நீட்டுவதையும் 'கூ' என்று மெல்லக் குரல் கொடுப்பதையும் கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. தின்பண்டம் வைத்திருப்பவர் முகம் தன் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கை நீள்கிறது. கருமந்தியின் அபாயக் குரலுக்கும் கடமானின் அபாயக் குரலுக்கும் இவை பதறுவதை ஒலிபெருக்கி வைத்தே சோதித்திருக்கிறார்கள். மற்ற இனத்தின் பாஷையை அது கற்றுக்கொண்டுவிட்டது. நாம்தான் பாக்கி.

எனவே, மலைச்சாலையில் குரங்கு எதிரே வந்தால் வாயை மூடுங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். தீனியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டாம். அது பின்னால் வரும். கை காலி என்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு, ஓடாமல் பக்கவாட்டில் நகருங்கள். பொருளைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழுகிறது. பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு அதற்குச் சாப்பாட்டு மணி. தடை இருந்தும் கவரோடுதான் மலையேறுகிறோம்.

சட்டை கிழிந்தது என்று எழுதிய நீங்கள், தோல் கிழிந்ததா என்று எழுதவில்லை. சின்னக் கீறல் இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கியிருக்க வேண்டும். இன்னும் போடவில்லை என்றால் பத்திரிகையை மூடி வைத்துவிட்டுப் பையனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.