டி.டி.பி-43 என்றால் என்ன? பக்கவாதத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கை மெலிந்துகொண்டே வந்தது, இப்போது பேச்சும் குழறுகிறது. ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் மெல்ல அழியும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் பேச்சுவாக்கில் ‘டி.டி.பி-43 என்ற புரதம் சேர்ந்துவிடுவதுதான் காரணம்’ என்றார். அப்படியானால் முட்டை, பருப்பை எல்லாம் குறைக்க வேண்டுமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: முதலில், முட்டையை நிறுத்தாதீர்கள். இந்தப் புரதம் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பின் செல்கள் தாங்களே செய்துகொள்வது. ஏ.எல்.எஸ். வந்தவர்களுக்கு உடம்பு இளைத்துப்போவதுதான் ஆபத்து, விழுங்கச் சிரமமாக இருந்தால் குழைவாகக் கொடுங்கள், அப்போதும் புரையேறினால் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

இனி அந்தப் புரதம். மரபணுவில் இருக்கும் தகவல் முதலில் ஆர்.என்.ஏ.வாகப் பிரதியாகிறது, அதைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்கிறது. ஆனால் அந்தப் பிரதி அப்படியே உதவாது; நடுநடுவே வேண்டாத துண்டுகள் நீளநீளமாகக் கிடக்கும், சினிமா எடிட்டர் செய்வதுபோல அவற்றை வெட்டிவிட்டு மீதியை ஒட்ட வேண்டும். எதை வெட்டுவது, எதை வைப்பது, ஒட்டியதைச் செல்லின் எந்த மூலைக்கு அனுப்புவது, எப்போது அழிப்பது என்று பார்த்துக்கொள்பவை ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். எல்லாச் செல்லுக்கும் இவை வேண்டும் என்றாலும், முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரே இழையாக நீளும் நரம்புச் செல்லுக்கு இவை இல்லாமல் ஒன்றும் ஓடாது.

டி.டி.பி-43 அப்படிப்பட்ட ஒன்று. 1995இல் எச்.ஐ.வி. ஆராய்ச்சியில்தான் முதலில் கண்ணில் பட்டது, யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, ஏ.எல்.எஸ்.ஸிலும் முன்மூளையைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியாவிலும் செல்லுக்குள் திரண்டு கிடப்பது இதுதான் என்று காட்டியது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 97 சதவீதம் பேரிடம் இந்தத் திரள் இருக்கிறது. இதில் பெரும்பாலோரின் டி.டி.பி-43 மரபணுவில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

எல்லோரும் திரளைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அதே அளவு கேடு உட்கரு காலியாகிவிடுவது. இந்தப் புரதம் வேலை பார்க்க வேண்டிய இடம் செல்லின் உட்கரு. நோயில் அது வெளியே போய் முடங்கிவிடுகிறது, உள்ளே வெட்டி ஒட்டும் வேலை கெடுகிறது. ஒன்றே ஒன்றைப் பாருங்கள். ஸ்டாத்மின்-2 என்ற புரதம், அடிபட்ட நரம்பு இழை மறுபடி வளர உதவுவது. அதன் ஆர்.என்.ஏ.வில் ஜி, யூ என்ற வேதி எழுத்துகள் மாறி மாறி வரும் ஒரு சிறு இடம் உண்டு, டி.டி.பி-43 அங்கே உட்கார்ந்து, பக்கத்திலிருக்கும் வேண்டாத துண்டு உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் துண்டு நுழைந்துவிடும், பிரதி அங்கேயே பாதியில் முடிந்துவிடும், ஸ்டாத்மின்-2 கிடைக்காது. 2019இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதையே கண்டன. 2022இல் யூ.என்.சி.13ஏ என்ற இன்னொரு மரபணுவிலும் இதே கதை தெரியவந்தது.

அப்பா எதையும் தப்பாகச் சாப்பிட்டதாலோ செய்ததாலோ இது வரவில்லை. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் போன வருடம் லேசாக வாய் கோணி, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. குளிர்ச்சி பட்டால் மூளையைக் காக்கும் ஒரு புரதம் உண்டாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மறுபடி பக்கவாதம் வந்தால் தலையில் ஐஸ் வைக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள்.

வீடியோவில் சொன்னதன் வேர் நிஜம்தான். ஆர்.பி.எம்.3 என்பதும் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம்தான், குளிரில் கூடும். 2015இல் பிரிட்டனில் எலிகளின் உடலை 16 முதல் 18 டிகிரி வரை குளிர்வித்துப் பார்த்தார்கள்: நரம்புகளுக்கிடையிலான இணைப்புகள் அவிழ்ந்து, சூடாக்கியதும் மறுபடி முளைத்தன. அல்சைமர் போன்ற நோயை உண்டாக்கிய எலிகளில் இந்தப் புரதம் கூடவில்லை, இணைப்பும் திரும்பவில்லை. செயற்கையாகக் கூட்டியபோது திரும்பியது. அருமையான ஆராய்ச்சி. ஆனால் அந்த அளவு குளிர் மனிதனுக்கு ஆகாது, நெற்றியில் வைக்கும் ஐஸ் மூளையை அப்படிக் குளிர்விக்கவும் செய்யாது.

பக்கவாதத்தில் நடப்பது வேறு. ரத்தம் நின்ற சில நிமிடங்களில் நரம்புச் செல் புரதம் செய்வதையே நிறுத்திவிடும், ஆர்.என்.ஏ.க்கள் டி.ஐ.ஏ-1 போன்ற புரதங்களோடு சேர்ந்து சிறுசிறு குருணைகளாக ஒதுங்கும். இது தற்காப்பு. ரத்தம் திரும்பியதும் குருணைகள் கரைந்து வேலை தொடங்க வேண்டும். எலி மாதிரி விலங்குகளில், நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதிச் செல்கள் மட்டும் மறுபடி புரதம் செய்யத் தொடங்காமல், இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகின்றன. டி.டி.பி-43 உட்கருவை விட்டு வெளியேறுவதையும் அடைப்புக்குப் பிறகு விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். ஏ.எல்.எஸ்.ஸையும் பக்கவாதத்தையும் ஒரே வரியில் இப்போது எழுதுவது இதனால்தான். ஆனாலும் ஒன்று பல மாதங்களாக நகர்வது, மற்றது நிமிடக் கணக்கு.

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் போகும் என்பது 2006இல் போட்ட கணக்கு. அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். ஐஸ் தேடும் நேரம் அதில் கழியும். அப்புறம், அரை மணி நேரத்தில் சரியானது ‘லேசானது’ இல்லை, எச்சரிக்கை. அம்மாவை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை என்றால் இன்றே காட்டுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையைப் பண்டிகை, விரதம் என்று விடக்கூடாது.

கேள்வி: ஏ.எல்.எஸ்.ஸில் டி.டி.பி-43 திரள்வது 2006இலேயே தெரிந்தும் மருந்து வரவில்லையே, இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. சில வருடங்களுக்கு முன் 16 கோடி ரூபாய் ஊசிக்காகக் குழந்தைகளுக்குப் பணம் திரட்டியது நினைவிருக்கும், எஸ்.எம்.ஏ. என்ற, தசைகள் நலியும் மரபணு நோய். அதே நோய்க்கு 2016 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த நுசினெர்சென் என்ற மருந்து இந்த அறிவிலிருந்தே பிறந்தது: ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் ஒரு புரதம் உட்கார்ந்து தேவையான துண்டைத் தவறவிடச் செய்யும் இடத்தை, அந்த மருந்து முந்திக்கொண்டு மூடிவிடுகிறது. துண்டு தங்குகிறது, குழந்தைக்கு வேண்டிய புரதம் கிடைக்கிறது. ஸ்டாத்மின்-2ஐ இதே முறையில் மீட்கும் மருந்து ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதனைக்கு வந்துவிட்டது. அதுவரை ரிலுசோல் மாத்திரை இருக்கிறது. 1995இலிருந்து இருப்பது, நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான்.