கொடி மட்டும் போதுமா?

கேள்வி: மெல்போர்ன்ல எங்க ஏரியா கம்யூனிட்டி சென்டர் கமிட்டியில இருக்கேன். வாசல்ல அபாரிஜினல் மக்களோட, அதாவது ஆஸ்திரேலியப் பழங்குடிகளோட கொடி ஏத்தியும் அந்த மக்கள் யாரும் வர்றதில்லையே, என்ன பண்ணலாம்?

பதில்: கொடி நல்லதுதாங்க, 1971ல முதல்முதலா பறந்த கொடி, ஆனா அதோட நிக்காதீங்க. அந்த மண்ணோட பெரியவங்கள, மெல்போர்ன் பக்கத்துப் பழங்குடி இனமான வுருன்ஜெரியோ புனுராங்கோ, நேர்ல போய்ப் பாருங்க, எல்லாம் முடிவு பண்ணிட்டு கூப்பிடாம திட்டம் போடும்போதே கூட உக்கார வைங்க, அவங்க நேரத்துக்கு காசும் குடுங்க. விழா ஆரம்பத்துல தங்களோட மண்ணுக்கு வரவேற்கிற 'வெல்கம் டு கன்ட்ரி' அவங்கதான் சொல்லணும், நீங்க சொல்லக்கூடாது. அவங்கள்ல இறந்தவங்க போட்டோ மாட்டுறதுக்கு முன்னாடி குடும்பத்துக்கிட்ட கேளுங்க. அப்புறம் சென்டர்ல கவுன்டர், ஃபாரம்னு இருந்தா... அவங்க புள்ளைங்கள அரசாங்கமே 1970 வாக்குல வரைக்கும் பிரிச்சு தூக்கிட்டுப் போன நாடுங்க அது, ஆபீஸ் மாதிரி இருந்தா மனசு பதறத்தான் செய்யும், டீ போட்டுக் குடுத்து பேசுற மாதிரி ஒரு இடம் வைங்க.