காத்துன்னா எந்தக் காத்து சார்? (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 'கடலின் பயன்கள்' என்று கட்டுரை கொடுத்தால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் 34 நோட்டிலும் ஒரே கட்டுரை. திருத்தித் திருத்திக் கை வலிப்பதுதான் மிச்சம். என்ன செய்யலாம் சார்?

பதில்: சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நாளைக்கு மேசைக்குள் போடுங்கள் டீச்சர். 'கடலின் பயன்கள்' என்று கேட்டால் கைடில் இருப்பதுதான் வரும், பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஜூனில் பள்ளி திறக்கிற சமயம்தான் மீன்பிடித் தடைக்காலமும் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பா வீட்டோடு இருப்பார், கையில் காசு இருக்காது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், வலை பொத்துவார்கள். 'அந்த நாட்களில் உங்கள் வீட்டில் மாறிய ஒரே ஒரு விஷயம்' என்று கேட்டுப் பாருங்கள். இதற்குக் கைடு கிடையாது.

கேட்டவுடன் நோட்டைத் திறக்க விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவனிடம் இரண்டு நிமிடம் வாயால் சொல்லட்டும், கேட்டவன் மூன்று கேள்வி கேட்கட்டும், அப்புறம் எழுதட்டும். வாய்க்கு வந்தது கைக்கு வரும். வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்த சிக்கல் வாக்கியம். "அப்பா வந்தார். அப்பா வலையை எடுத்தார். வலை கிழிந்திருந்தது. அப்பா உட்கார்ந்தார்." இப்படித் துண்டு துண்டாகத்தான் எழுதுவார்கள். இதைக் கரும்பலகையில் போட்டு, ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருத்தி, "கிழிந்த வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் அப்பா" என்றாள். வினையெச்சமும் பெயரெச்சமும் அவள் கைக்கு வந்துவிட்டன, இலக்கணப் பாடத்தில் அவற்றுக்கு எடுத்துக்காட்டு எழுதத் தெரியாமல் விழித்த பிள்ளை அவள். வாரம் ஒரு பத்து நிமிடம் போதும். சில நாள் நீங்களே பலகையில் எழுதி, பிடிக்காததை அடித்து, மாற்றி எழுதிக் காட்டுங்கள். டீச்சரும் அடித்து எழுதுகிறார் என்று பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

திருத்துவதற்குப் பழைய இலக்கண நூலான நன்னூல்தான் என் துணை. அதன் முன்னுரையான பொதுப்பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்து வரும் இல்லையா, அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: கூறியது கூறல் (சொன்னதையே சொல்வது), மற்றொன்று விரித்தல் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை வளர்ப்பது), சென்று தேய்ந்து இறுதல் (நன்றாகத் தொடங்கி, போகப் போகத் தேய்ந்து முடிவது). மாதத்துக்கு ஒரு குற்றம், அதை மட்டும்தான் பார்ப்பேன், மற்ற பிழைகள் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுவேன். மூன்றாவது குற்றம் பையன்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், ஒருத்தன் கட்டுரையை வாசிக்கும்போதே "டேய், தேயுதுடா" என்று குரல் வரும். தேய்ந்த இடத்திலிருந்து திரும்ப எழுதச் சொல்வேன். நாளுக்கு ஏழு நோட்டு என்று பிரித்துக்கொண்டால் 34 நோட்டும் ஒரு வாரத்தில் முடியும். புதிது புதிதாகப் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட மூன்றை இரண்டு தடவை எழுதுவதில்தான் பலன் அதிகம்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் "வந்தாக, போனாக" என்று பேச்சு வழக்கிலேயே எழுதுகிறார்கள். அடித்துவிடலாமா?
(தொண்டி வாசகர்)

பதில்: ஒருவர் பேசுவது போல வந்தால், மேற்கோள் குறிக்குள் அப்படியே இருக்கட்டும். "அப்பா வந்தாக" என்று பாட்டி சொன்னால் பாட்டி அப்படித்தானே சொல்வார். வெளியே இருக்கும் வாக்கியம் எழுத்து நடையில் வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேச்சு வழக்கு வேறு, தொழில் வார்த்தை வேறு. நான் மதுரைப் பக்கத்திலிருந்து இந்தக் கரைக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஒரு பையன் எழுதிய 'கச்சான்' என்ற சொல்லைச் சுழித்துவிட்டு, மேலே 'காற்று' என்று எழுதினேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "காத்துன்னா எந்தக் காத்து சார்?" மேற்கேயிருந்து வந்தால் கச்சான், வடக்கே என்றால் வாடை, கிழக்கே என்றால் கொண்டல் என்று பாடம் எடுத்துவிட்டுப் போனான். நான் சுழித்ததை நானே அழித்தேன்.

கேள்வி: நான் கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவள், ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. மகள் ஒன்பதாவது. கட்டுரையில் மார்க் வரவில்லை என்று தினம் கைடைப் பார்த்து ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். சரிதானே ஐயா?
(பாம்பன் வாசகி)

பதில்: கையெழுத்து தேறும் தாயி, கட்டுரை தேறாது. வாரத்தில் ஒரு நாள் அந்த ஒரு பக்கத்தை மாற்றிப் பாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். தண்ணீருக்குள் இறங்கும் முன் விரலுக்கு விரல் துணி சுற்றுகிறீர்களே, எந்த விரலில் தொடங்குவீர்கள், ஏன் சுற்றுகிறீர்கள், சுற்றாமல் போன அன்று என்ன ஆனது, எல்லாம். எழுதியதை அவள் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். "இப்படி இல்லடி" என்று நீங்கள் எங்கே சொல்கிறீர்களோ, அந்த இடத்தை அவள் திருத்தட்டும். ல, ள, ழ பிழைகளை அவளுடைய டீச்சர் பார்த்துக்கொள்வார்.