சொட்டுநீர் மானியத்துக்கு வரப்பு மரத்தை வெட்டணுமா?

வணக்கம் ஐயா. மூன்று ஏக்கருக்குச் சொட்டுநீர் மானியம் கிடைக்க வரப்பிலுள்ள நாலு பனையையும் வேம்பையும் எடுக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி நிபந்தனை எதுவும் இல்லை. (சொன்னவர் மர வியாபாரிக்குச் சொந்தமோ?) கேட்பது சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (என்ன பயிர் என்ற பதிவு), நில வரைபடம், அப்புறம் தாசில்தார் தரும் சிறு விவசாயி சான்று. 5 ஏக்கருக்குள் என்றால் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75.

பனையில் கோடாலி வைத்துவிடாதீர்கள். வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். பனை நிழல் பயிரை ஒன்றும் செய்யாது. வேம்பு கொஞ்சம் செய்யும். எங்கள் வேம்படியில் இரண்டு வரிசைக் கடலை சோடையாகத்தான் நிற்கும். கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுங்கள், வெயிலும் விழும், ஆட்டுக்குத் தழையும் ஆச்சு.